ஹார்டுவேர் வாலட் பெட்டிக்குள் 24 வார்த்தைகள் அச்சடித்து வந்தால் தொடாதீர்கள்

கிரிப்டோவைப் பத்திரப்படுத்த ஹார்டுவேர் வாலட் (கிரிப்டோவின் ரகசியச் சாவியை இணையத்தில் விடாமல் தனியே வைத்திருக்கும் சிறு கருவி) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். சுமார் 4 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பிட்காயின் என்னிடமிருந்து போய்விட்டது. யாரும் என் கம்ப்யூட்டருக்குள் நுழையவில்லை. பின் நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். கருவியும் பீரோவை விட்டு நகரவில்லை. அப்படியிருந்தும் காசு போயிற்று.

2024 ஜூலை 18 அன்று கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவு போனது பலருக்கு நினைவிருக்கும். என் பணம் அங்கே இல்லை. ஆனால் அங்கே போட்டவர்கள் எடுக்க வழியில்லாமல் தவித்ததைப் பார்த்த பிறகு எந்த எக்ஸ்சேஞ்சிலும் விட்டுவைக்க மனம் வரவில்லை. ஹார்டுவேர் வாலட்டில் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரிய ஷாப்பிங் தளத்தில், நல்ல ரேட்டிங் உள்ள விற்பனையாளரிடம் வாங்கினேன். சீல் பிரிக்காத பெட்டி, ஹோலோகிராம் ஸ்டிக்கர், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

உள்ளே ஒரு அட்டை. பழைய ரீசார்ஜ் கார்டு போலச் சுரண்டினால் 24 ஆங்கில வார்த்தைகள். கூடவே கம்பெனி லோகோ போட்ட துண்டுத்தாள்: கருவியை ஆன் செய்து ‘ரீஸ்டோர்’ தேர்ந்தெடுங்கள், இந்த வார்த்தைகளை உள்ளிடுங்கள், வாரன்டி தொடங்கிவிடும். அச்சு, தாள், எழுத்து எதிலும் பிசகு கிடையாது.

மோசடி முழுவதும் அந்த அட்டையில்தான் இருக்கிறது. அந்த வார்த்தைகளைக் கருவியே, நம் கண் முன்னால், முதல்முறை ஆன் செய்யும்போது உருவாக்க வேண்டும். 2048 வார்த்தைகள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 வார்த்தைகளை அது பொறுக்கித் தரும். சீட் ஃபிரேஸ் என்பது இதுதான். இது யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் கருவியே தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. வேறொரு ஊரில், வேறொரு போனில் அதே வார்த்தைகளைப் போட்டு மொத்தக் காசையும் எடுத்துவிடலாம். அட்டையை அச்சடித்தவன் வார்த்தைகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, அந்த வாலட்டில் பணம் சேரும்வரை காத்திருந்திருக்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக நான் மாற்றி முடித்த பிறகு, ஒரு நள்ளிரவில் ஒரே டிரான்சாக்‌ஷனில் துடைத்துவிட்டான்.

அதன் பிறகு நடந்தது அதைவிடக் கேவலம். ஷாப்பிங் தளம், ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, நாங்கள் வெறும் இடைத்தரகர் என்றது. விற்பனையாளரின் பக்கமே காணோம். கருவியைத் தயாரிக்கும் கம்பெனி, அவர் எங்கள் அங்கீகாரம் பெற்றவர் இல்லை, வார்த்தைகளை உள்ளிட்டது நீங்கள்தான் என்று பதில் அனுப்பிக் கைகழுவியது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார்கள். ஆனால் வங்கிப் பணமென்றால் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கலாம். இங்கே முடக்குவதற்கு வங்கியே இல்லை. காசு ஏதாவதொரு எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தால்தான் பிடிக்க வாய்ப்பு.

அட்டை வந்தால் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. 2023-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், டிரெஸர் என்ற ஹார்டுவேர் வாலட்டின் போலி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்டது. ஹோலோகிராம் சரியாக இருந்தது, திரையில் எல்லாம் அசலைப் போலவே ஓடியது. உள்ளே சிப்பை மாற்றியிருந்தார்கள். தானாக உருவாக்குவது போல் காட்டிக்கொண்டு, திருடன் முன்கூட்டியே தயாரித்து வைத்த 20 சீட் ஃபிரேஸ்களில் ஒன்றைத்தான் அது கொடுத்தது. அதை வாங்கியவர் எந்தத் துண்டுத்தாளையும் நம்பவில்லை. கருவி எதிலும் செருகப்படாமல் இருந்தபோதே அவர் காசு போனது.

கருவி அசலாகவே இருந்தாலும் அது காப்பது காசை நகர்த்தும் ரகசியச் சாவியை மட்டும்தான். எந்த டிரான்சாக்‌ஷனுக்குக் கையெழுத்துப் போடுகிறோம், அதாவது ஒப்புதல் கொடுக்கிறோம் என்பதை அந்தக் குட்டித் திரை பல நேரம் புரியும்படி காட்டுவதில்லை. வாஸிர்எக்ஸில் கையெழுத்திட்டவர்களிடமும் ஹார்டுவேர் வாலட் இருந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ போனதும் இதே வழியில்தான். அங்கே கடைசிக் கையெழுத்துப் போட்டவர் அதன் தலைமை அதிகாரி பென் ஜோ. அவர் கையில் இருந்ததும் லெட்ஜர் கம்பெனியின் ஹார்டுவேர் வாலட். எதற்கு பயந்து நம்மைப் போன்றவர்கள் ஹார்டுவேர் வாலட்டுக்கு ஓடினோமோ, அந்தத் திருட்டே ஹார்டுவேர் வாலட்டைத் தாண்டித்தான் நடந்திருக்கிறது. இதை விற்கிறவர்கள் யாரும் நமக்குச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வாங்கும்போது கொடுக்கும் முகவரியும் ஆபத்துதான். 2020-இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் திருடப்பட்டு, சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. மறு வருடம் அவர்களில் சிலர் வீட்டுக்கு, ‘பாதுகாப்புக்காக மாற்றித் தருகிறோம்’ என்ற கடிதத்தோடு போலிக் கருவிகளே தபாலில் வந்தன.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், சுங்கவரி சேர்ந்து விலை கூடினாலும் பரவாயில்லை. செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். கம்பெனியின் செயலியைக் கூகுளில் தேடாமல், அவர்கள் தளத்திலிருந்தே இறக்குங்கள். 2023-இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே போலி லெட்ஜர் செயலி ஒன்று இருந்து பலரின் காசைத் தின்றது. கருவி அசல்தானா என்று சோதிக்கும் வசதி செயலியில் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். சீட் ஃபிரேஸைக் கருவிக்கு வெளியே, போனிலோ கம்ப்யூட்டரிலோ உள்ளிடச் சொல்கிறவன் யாராக இருந்தாலும் திருடன்.

என்னைப் போல ஏற்கெனவே இழந்தவர்கள் அட்டை, பெட்டி, பில், விற்பனையாளர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் எறியாதீர்கள். காசு போன முகவரியையும் டிரான்சாக்‌ஷன் எண்ணையும் புகாரில் எழுதுங்கள். புகார் கொடுத்த பிறகு டெலிகிராமில் ‘மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்’ என்று ஆட்கள் வருவார்கள். எனக்கும் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.