குதிகால் வலி: ஷாக்வேவா, ஸ்டீராய்டு ஊசியா, படிக்கட்டுப் பயிற்சியா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவது மாதிரி வலி. கொஞ்ச நேரம் நடந்தால் குறைகிறது, உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வந்துவிடுகிறது. இப்படிச் சில மாதம் ஓடிவிட்டது என்றால் உங்களுக்கு மூன்று யோசனை கட்டாயம் கிடைத்திருக்கும். ஆர்த்தோ டாக்டர் "ஒரு ஊசி போட்டுடலாம்" என்பார், பிசியோ சென்டரில் "ஷாக்வேவ் எடுங்க, அஞ்சு சிட்டிங்ல சரியாயிடும்" என்பார்கள் (வலிக்கிற இடத்தில் வெளியிலிருந்து மெஷினால் அலையைச் செலுத்துவது), ஏற்கெனவே இதே வலி வந்து போன சித்தப்பா ஒருவர் "தினமும் படியில நின்னு குதிகாலைத் தூக்கி இறக்கு, காசு எதுக்கு?" என்பார். மூன்றுக்குமே ஆதாரம் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு மாதத்தில் பார்த்தால் ஒன்று ஜெயிக்கும், மூன்று மாதத்தில் பார்த்தால் வேறொன்று, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமே தெரியாது. இந்தக் காலக் கணக்கைச் சொல்லாமல் "எது பெஸ்ட்" என்று கேட்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

வலி வருகிற இடம், குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டை. டாக்டர் சீட்டில் இதற்குப் பெயர் பிளான்டார் ஃபேசியைடிஸ். நாள்பட்ட நிலையில் அது எலும்போடு ஒட்டும் இடத்தில் வீக்கத்தைவிடச் சிதைவுதான் அதிகம்; நார்கள் ஒழுங்கு குலைந்து, தடித்துப் போயிருக்கும். எக்ஸ்ரேயில் "முள் வளர்ந்திருக்கு" என்று காட்டுவார்களே, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத நிறையப் பேருக்கும் அந்த முள் உண்டு. ஷாக்வேவ் அந்த முள்ளை உடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குதிகாலில் அதற்கு அந்த வேலையே கிடையாது.

அப்படி ஒரு நினைப்பு வருவதற்கும் காரணம் இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் உண்மையில் கல் உடைக்கத்தான் வந்தது. 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் முதல் முறையாக ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பி உடைத்தார்கள். கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமான கம்பெனி. எலும்பு, தசைநாண் பக்கம் அது வந்தது பிற்பாடு. குதிகால் வலிக்கு அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. முதல் கருவியை அனுமதித்தது 2000-ல். கரண்ட் எதுவும் உடம்புக்குள் போகாது. போவது அழுத்த அலை மட்டும். அது திசுவைத் தட்டி எழுப்பி, ரத்த ஓட்டத்தையும் குணமாகும் வேலையையும் தூண்டுகிறது, வலி நரம்பு முனைகளை மந்தப்படுத்துகிறது என்பதுதான் இன்றைய விளக்கம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம், பல சென்டர்களில் சொல்ல மாட்டார்கள். ஷாக்வேவ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு மெஷின்கள் ஓடுகின்றன. ஒன்று ரேடியல்: துப்பாக்கி மாதிரியான கைப்பிடிக்குள் காற்றழுத்தத்தால் ஒரு சின்ன உலோகக் குண்டு ஓடி முனையில் மோதும், டக் டக் டக் என்று சத்தம் கேட்கும், தோலில்தான் சக்தி உச்சம், உள்ளே போகப் போகச் சிதறிவிடும், மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக எட்டாது. கறாராகப் பேசினால் இது அதிர்வலையே இல்லை, சாதாரண அழுத்த அலை. இன்னொன்று ஃபோகஸ்டு: அலையைக் குவித்து ஆழத்தில் ஒரு புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கும், மெஷின் விலையும் அதிகம். குதிகால் மாதிரி மேலோட்டமான இடத்துக்கு ரேடியலே போதும் என்பது என் கருத்து. ஆய்வுகளிலும் இரண்டுமே ஓரளவு வேலை செய்திருக்கின்றன. தோளில் ஆழத்தில் படிந்த சுண்ணாம்புக்கு ரேடியலை வைத்துத் தட்டிக்கொண்டிருப்பதுதான் வீண். அதனால் பணம் கட்டும் முன் "இது ரேடியலா, ஃபோகஸ்டா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பார்க்கலாம்.

சரி, எண்களுக்கு வருவோம். ஆறு மாதம் மற்ற சிகிச்சைகள் செய்தும் போகாத குதிகால் வலிக்காரர்கள் 245 பேரை வைத்து 2008-ல் வெளியான ரேடியல் ஆய்வில், 12 வாரத்தில் நிஜ சிகிச்சை எடுத்தவர்களுக்கு வலி 72.1 சதவீதம் குறைந்தது, பொய் சிகிச்சை எடுத்தவர்களுக்கு 44.7. 2015-ல் வந்த ஃபோகஸ்டு ஆய்வில் 69.2-க்கு 34.5. விளம்பரத்தில் எழுபதை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் சுவாரசியம்: மெஷினை வைத்துச் சும்மா பாவ்லா காட்டினாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலி குறைகிறது, ஏனென்றால் இந்த வலி காலப்போக்கில் தானாகக் குறையும் சுபாவம் உள்ளது. நிஜ லாபம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் மட்டுமே. அதோடு, எல்லா ஆய்வும் சாதகமாக இல்லை. 2002-ல் ஆஸ்திரேலியாவில் 166 பேரிடம் செய்ததில் பொய் சிகிச்சைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசமே இல்லை. சிகிச்சைகளை எடைபோட்டுப் பரிந்துரை சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-ல் சொன்னதும் இதே ரகம்தான்: பெரிய ஆபத்து இல்லை, பலன் பற்றிய ஆதாரம் ஒரே மாதிரி இல்லை.

ஸ்டீராய்டு ஊசியின் கணக்கு வேறு. வேகம் அதனுடையது. 2012-ல் வந்த ஒரு நல்ல ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கு நான்காவது வாரத்தில் வலி தெளிவாகக் குறைவு. எட்டாவது, பன்னிரண்டாவது வாரத்தில் பொய் ஊசி போட்டவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம், மூன்று நாள் நின்றே ஆக வேண்டும் என்றால் ஊசிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போடுவதில்தான் பிரச்சினை: நார்ப்பட்டை கிழிய வாய்ப்புண்டு, குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், அது மெலிந்தால் திரும்ப வளர்த்துக்கொடுக்க வழியில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போட்ட பிறகு சில நாட்கள் சுகர் ஏறும். நம் ஊரில் இதை முன்கூட்டிச் சொல்லாமல் போடும் டாக்டர்கள் குறைவில்லை.

அப்புறம் சித்தப்பா சொன்ன படிக்கட்டு. டென்மார்க்கில் செய்து 2015-ல் அச்சான ஒரு சிறிய ஆய்வு இதற்கு உயிர் கொடுத்தது. ஒரு டவலைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை மூன்று விநாடி உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடி இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பழகப் பழக முதுகில் பையில் புத்தகங்களை அடுக்கி எடையைக் கூட்ட வேண்டும். மூன்று மாதத்தில் இவர்கள் வெறும் ஸ்ட்ரெட்சிங் செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு கூட்டமும் சமம். காசில்லை, ஊசியில்லை, ஆனால் செய்ய வேண்டும், அதுதான் இதன் பலவீனம். இரண்டு வாரம் செய்துவிட்டு "பயிற்சி எனக்கு ஒத்துவரல" என்று நிறுத்துகிறவர்கள்தான் ஷாக்வேவ் சென்டர்களின் நிரந்தர வாடிக்கையாளர்கள். பி.ஆர்.பி. ஊசி (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துப் போடுவது) பற்றியும் கேட்பீர்கள். விலை அதிகம், ஆதாரம் கலவை, முதல் வரிசையில் அதற்கு இடமில்லை என்பதோடு விடுகிறேன்.

நான் தேர்ந்தெடுப்பதானால் வரிசை இப்படி: மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி, கூடவே வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு (டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்பதை விட வேண்டும்). அதற்கும் அசையாவிட்டால் ஷாக்வேவ், பயிற்சியை நிறுத்தாமல். குதிகாலுக்கு மேலே உள்ள அகில்லஸ் தசைநாணில் பயிற்சியும் ஷாக்வேவும் சேர்ந்தது வெறும் பயிற்சியைவிட நல்ல பலன் கொடுத்ததை 2009-ல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது, குதிகாலுக்கும் அதே வழியில் போகத் தயங்க மாட்டேன். வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து சிட்டிங், ஒவ்வொன்றிலும் மெஷின் 2000 முறை தட்டும் அளவில். அதற்கு மேல் பத்து, பன்னிரண்டு என்று பேக்கேஜ் போட்டால் எழுந்து வந்துவிடலாம். மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு எடுத்தால் பலன் குறைகிறது, எனவே கொஞ்சம் வலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது சிட்டிங்கில் ஒன்றும் ஆகவில்லையே என்று சண்டை போட வேண்டாம்.

மற்ற இடங்களுக்கு இதே தராசு செல்லாது. தோளில் சுண்ணாம்பு படிந்த தசைநாணுக்கு ஷாக்வேவ் நன்றாக வேலை செய்கிறது, அதுவும் உயர்ந்த சக்தியில். சுண்ணாம்பு இல்லாத தோள்வலிக்குச் சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை. டென்னிஸ் எல்போவில் (முழங்கையின் வெளிப்பக்க வலி) ஆதாரம் ஏமாற்றம்தான். ஆனால் அங்கே ஸ்டீராய்டு ஊசி இன்னும் மோசம்: 2013 ஆய்வில் ஊசி போட்டவர்களில் 54 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியது, பொய் ஊசிக்காரர்களில் 12 சதவீதத்தினருக்கு மட்டுமே. மூட்டுத் தேய்மானத்துக்கும் முதுகுவலிக்கும் ஷாக்வேவ் விற்கிறார்கள், நான் அந்தப் பக்கம் பணம் போட மாட்டேன்.

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் மாத்திரை எடுப்பவர்கள், அந்த இடத்தில் கட்டியோ தொற்றோ உள்ளவர்கள் ஷாக்வேவைத் தவிர்க்க வேண்டும். வளரும் குழந்தைகளின் எலும்பு நுனிகளிலும் கூடாது. சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் ஆறு வாரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். இத்தனையும் செய்து ஆறு மாதமாகியும் அப்படியே இருந்தால் அடுத்த மெஷினைத் தேடாதீர்கள், வியாதியின் பெயரே தவறாக இருக்கலாம். எரிச்சலும் மதமதப்பும் இருந்தால் நரம்பு. படுத்தாலும் குறையாத ராத்திரி வலி என்றால் எலும்பு முறிவோ வேறு ஏதோ. இரண்டு குதிகாலும் வலித்து, வயது நாற்பதுக்குள் இருந்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும்.