மோரிஸ் மைனருக்குப் பின்னல் எர்த் பட்டை: இன்ஜின் துண்டு நல்லது, பேட்டரி துண்டில் கவனம்

பழைய மோரிஸ் மைனர் காருக்கென்று இரண்டு துண்டாக விற்கிற செம்புப் பின்னல் எர்த் செட்டில், இன்ஜினைப் பாடியோடு இணைக்கும் இன்ஜின் துண்டைத் தயங்காமல் வாங்கலாம். பேட்டரியைப் பாடியோடு இணைக்கும் பேட்டரி துண்டை வாங்குமுன், பேட்டரி முனையைக் கவ்வும் அதன் கிளாம்ப்பை அவசியம் பார்த்துவிடுங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பரில் கரண்ட் போகாது. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் பாய்கிற கரண்ட் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கடக்க இந்த இன்ஜின் பட்டை ஒன்றுதான் முறையான வழி. இது கறுத்து இழை அறுந்துபோனால் கரண்ட் சோக் கேபிளையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் பிடித்துக்கொண்டு போகும். செல்ஃப் இழுக்கும்போது சோக் கேபிள் சுடுகிறது, புகைகிறது என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை. முதலில் இந்தப் பட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

செட்டில் வருவது 25 சதுர மி.மீ. தட்டைப் பின்னல், வெள்ளீயம் பூசியது, இரு முனையிலும் அழுத்திப் பிடித்த லக் (போல்ட் நுழையும் துளையுள்ள முனைத்தகடு). தட்டைப் பின்னல்தான் இங்கே சரி. இன்ஜின் ஆடிக்கொண்டே இருப்பதால் தடித்த உருண்டை வயர் லக்கின் கழுத்தில் இறுகி ஒடிந்துவிடும். அதே தோற்றத்தில் மட்டமான பட்டைகளும் விற்கின்றன. ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே சிவந்தால் செம்பு. வெள்ளையாகவே இருந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காந்தம் ஒட்டினால் வெறும் இரும்பு.

இனி பேட்டரி துண்டு. மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி. பாடியோடு சேர்வது பிளஸ் முனை. பேட்டரியில் பிளஸ் தூண் மைனஸைவிடப் பருமன்: அடிவிட்டம் சுமார் 19.5 மி.மீ., மைனஸ் 17.9. கடையில் கிடைக்கும் எர்த் பட்டைகளில் பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த் வண்டிக்குச் செய்தவை, கிளாம்ப்பும் மைனஸ் அளவு. அதைப் பிளஸ் தூணில் சுத்தியால் தட்டி இறக்குவதுதான் பலர் செய்யும் தவறு. ஈயத் தூண் அசைந்து, மூடியோரம் ஆசிட் கசியத் தொடங்கும். பிளஸ் அளவு கிளாம்ப் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது எர்த் பக்கத்தை, அதாவது இந்த வண்டியில் பிளஸ்ஸை, முதலில் கழற்றி கடைசியில் மாட்டவேண்டும். மறுபக்கத்தை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியே தீப்பொறி பறக்கும். போல்ட் உட்காரும் இடத்தில் லக் அகலத்துக்குப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தகரம் பளபளக்கவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் எர்த் தகராறு அதிகம் வருவது இதனால்தான். பல்வாஷர் வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினால் துரு அண்டாது.

“லைட் பளிச்சென்று எரிகிறது, அப்போ எர்த் சரி” என்பது தப்புக் கணக்கு. ஒரு ஜாயின்ட்டில் 0.01 ஓம் தடை இருந்தால் 4 ஆம்பியர் பல்புக்கு 0.04 வோல்ட்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. அதே ஜாயின்ட் 150 ஆம்பியர் செல்ஃபுக்கு ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும். சோதிக்க, இக்னிஷன் காயிலுக்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளஸ் தூணிலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. மறுமுனையை செல்ஃப் மோட்டார் உடலில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நன்று. 0.5 தாண்டினால் மறுமுனையை கிளாம்ப், பாடி போல்ட், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எண் எங்கே தாவுகிறதோ அங்கேதான் அழுக்கு.

இந்த செட் தீர்க்காத விஷயங்களும் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கு மங்கி மங்கி எரிவது, அந்த விளக்கின் சொந்த எர்த் கெட்டதால். அதைவிட முக்கியம் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட் அவுட் பெட்டி (ரெகுலேட்டர்). லூகாஸ் ஆர்பி106 பெட்டியில் ‘ஈ’ (E) என்ற எர்த் முனைக்கு எர்த் விட்டுப்போனால் ரெகுலேட்டர் காயில் வேலை செய்யாது; டைனமோவின் வோல்ட் கட்டுப்பாடின்றி ஏறிவிடும். அந்த முனையிலிருந்து ஒரு கறுப்பு வயரைப் பேட்டரி எர்த் போல்ட்டுக்கே தனியாக இழுத்துவிடுங்கள். அந்த வயர் செட்டில் வராது, கூடவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.