தாலிக்கும் தேநீருக்கும் நடுவே: ஒரு திருமண ஏற்பாட்டுச் சேவை பற்றிய மதிப்புரை

சிங்கப்பூரில் என் தம்பியின் திருமணத்தை நடத்தித் தந்த இந்தச் சேவையைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நாங்கள் தமிழர்கள், பெண் ஹொக்கியன் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவள். காலையில் தாலி கட்டுதல், நண்பகலில் தேநீர்ச் சடங்கு, இரவில் விருந்து என மூன்றையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்தித் தர 6,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார்கள். மண்டபமும் சாப்பாடும் தனிச் செலவு.

நாங்கள் இவர்களைத் தேடிப் போனது அலங்காரத்துக்காக அன்று. இருவரும் பழகிய நான்கு ஆண்டுகளில் இரண்டரை ஆண்டுகள் இரு வீட்டு எதிர்ப்பிலேயே கழிந்திருந்தன. வீவக எனப்படும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்னும் கொள்கை 1989 முதல் நடப்பில் இருக்கிறது. எங்கள் அம்மாவும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்குத் தீபாவளி முறுக்கு கொடுத்து, சீனப் புத்தாண்டில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்தான். அவரே, "எதிர்வீட்டில் இருப்பது வேறு, மருமகளாக வருவது வேறு" என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டால் இரு வீட்டாரும் சம்பிரதாயத்தையே காட்டினார்கள்.

ஏற்பாட்டாளராக வந்த பெண்மணி தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்தவர். முதல் சந்திப்பிலேயே ஒரு நோட்டை விரித்துவைத்து, இரு தரப்பின் மறுப்புகளையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். மாதிரிக்கு வைத்திருந்த வெள்ளைச் சம்பங்கி மாலையைக் கண்டதும் பெண்ணின் தாயார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர்கள் வழக்கத்தில் வெள்ளை துக்கத்தின் நிறம். மறு வாரமே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கட்டி வாங்கிய சிவப்பு ரோஜா மாலைகளுடன் ஏற்பாட்டாளர் வந்தார்; மல்லிகையை எங்கள் வீட்டுப் பெண்களின் கூந்தலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இரு தாயார்களையும் சம்மதிக்க வைத்தார். மாட்டிறைச்சி பற்றி அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, பெண்ணின் தாயார் கருணைத் தெய்வமான குவான் யின்னின் பக்தை என்பதால் அவரும் அதைத் தொடுவதில்லை என்று தெரியவந்தது. வாட்டர்லூ தெருவில் குவான் யின் ஆலயத்துக்கு வந்த சீனர்கள் பக்கத்திலுள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலின் முன்னும் ஊதுபத்தியுடன் நின்று கும்பிடுவதை அம்மா எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அன்றுதான் அதைப் பற்றி முதன்முறையாகப் பேசினார். பிறக்கும் பிள்ளையை எந்த இனமென்று பதிவார்கள் என்ற அவரது கவலைக்கும் பதில் கிடைத்தது: 2011 முதல் பெற்றோர் இருவரின் இனத்தையும் சேர்த்தே பதியலாம்.

இந்தச் சேவையின் மதிப்பை நான் உணர்ந்தது அதற்குப் பிறகுதான். நோட்டிலிருந்த மறுப்புகள் ஒவ்வொன்றாக அடிபட்டுப் போக, சம்பிரதாயத்தின் பின்னால் மறைந்துகொள்ள இரு வீட்டாருக்கும் இடமில்லாமல் போயிற்று. மிஞ்சியதை அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. பேரப்பிள்ளை கறுப்பாகப் பிறந்தால் உறவினர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பெண்ணின் தந்தை கேட்டார். அம்மாவோ, சீனத்தி மருமகள் தம்மை ஒரு நாளும் மதிக்க மாட்டாள் என்றார். ஏற்பாட்டாளர் இரண்டையும் பூசி மெழுகவில்லை. தம் பாட்டி தம்மைப் பத்து வயது வரை தூக்கியதில்லை என்று மட்டும் பெண்ணின் தந்தையிடம் சொன்னார். அவர் பதில் பேசவில்லை. ஆனால் நாள் குறிப்பதைத் தடுக்கவும் இல்லை.

திருமண நாளின் ஒழுங்கில் குறை சொல்ல ஏதுமில்லை. சிவப்புப் பேரீச்சையும் லொங்கான் பழமும் போட்ட தேநீரை மணமக்கள் மண்டியிட்டு நீட்டும்போது, கோப்பையை இரு கைகளாலும் வாங்க வேண்டும் என்பதை அம்மாவுக்கு முந்தைய நாளே பழக்கியிருந்தார்கள். தாலி கட்டியபோது வராத பெண்ணின் தந்தை தேநீருக்கு வந்தார். கோப்பையை உதட்டில் வைத்தார், அங் பாவ் என்னும் சிவப்புப் பண உறையைக் கொடுத்தார், என் தம்பியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்காகக் காலையிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த நாற்காலியை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொண்ட பணியாளருக்கு என் நன்றி.

இரவு விருந்தில்தான் சறுக்கினார்கள். அவர்கள் அனுப்பிய நிகழ்ச்சி நெறியாளர் மேடையில் மணமக்களைச் சுட்டிக்காட்டி, "காப்பி-ஓவில் பால் ஊற்றியாயிற்று" என்றார். காப்பி-ஓ என்றால் பால் சேர்க்காத கறுப்புக் காப்பி. மண்டபம் சிரித்தது. என் தம்பியும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டான். மேசைக்கு அடியில் அவன் கையை மணப்பெண் பற்றியிருந்தது எனக்குத் தெரிந்தது. 2021 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையில் இனம் மாறிப் பழகுவதற்காக ஓர் இணையை ஒருவர் ஏசிய காணொளியைப் பார்த்துக் கொதித்த உறவினர்களே அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டார்கள் என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. தோலின் நிறத்தைத் தாண்டி வர இரண்டரை ஆண்டுகள் போராடிய இருவரை, அவர்களுடைய விருந்திலேயே மீண்டும் நிறமாக மட்டும் நிறுத்திவிட்டார் அந்த மனிதர்.

மறுநாள் புகார் செய்தேன். உரிமையாளர் நேரில் வந்து தம்பியிடம் மன்னிப்புக் கேட்டார். நெறியாளருக்கான 500 வெள்ளியையும் திருப்பித் தந்தார். அந்த நெறியாளர் வெளியிலிருந்து அமர்த்தப்பட்டவர் என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தகைய திருமணங்களுக்கென்றே தொழில் நடத்துபவர்கள் ஒலிவாங்கியை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

ஆயினும் இவர்களை நான் பரிந்துரைக்கிறேன். நெறியாளர் பேசப்போவதை எழுத்தில் வாங்கி முன்கூட்டியே படித்துவிடுங்கள். பெற்றோரை முதல் சந்திப்புக்கே ஒன்றாக அழைத்துச் செல்லாமல், இரு வீட்டாருக்கும் தனித்தனியே நேரம் கேளுங்கள், கூடுதல் கட்டணமில்லை. எங்கள் அம்மா தம் மனத்திலிருந்ததைச் சொன்னது, சம்பந்தி வீட்டார் யாரும் இல்லாத ஒரு தனிச் சந்திப்பில்தான்.