பழைய கார் வைத்திருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

2 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். நேற்று மாலை வரை அதை வண்டிக்குச் செய்த செலவு என்றுதான் நினைத்திருந்தேன். ஷெட்டுக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் ஏமாந்த பணம் என்று தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வயிறு எரிகிறது. அதோடுதான் எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்குள் அவதூறு, அது இது என்று திருப்பிவிடுவார்கள். பழைய கார்களைப் பிரித்துப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிற கடை. புறநகரில் தொழிற்பேட்டை ஓரம் பெரிய ஷெட், வாசலில் பளபளவென்று இரண்டு பழைய வண்டிகள். சென்னையில் இந்த மாதிரி இப்போது நிறைய வந்துவிட்டன.

வண்டி அப்பாவுடையது. பிரீமியர் பத்மினி, 1986. புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, பி.எஃப். கடன் போட்டு எடுத்தார். எங்கள் வீட்டில் யாரும் பத்மினி என்று சொன்னதில்லை, 'ஃபியட்'தான். ஸ்டியரிங் ராடிலேயே கியர், முன்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். என் தங்கையைப் பிரசவத்துக்கு எழும்பூர் கூட்டிப் போனது அந்த வண்டியில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டை வீட்டு வாசலிலேயே இரண்டு நாள் அடையாற்றுத் தண்ணீரில் நின்றது. அப்பா போன பிறகு நான் வைத்திருக்கிறேன். வருஷம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் தின்றுகொண்டே இருந்தது. "இனி இதுக்குப் பணம் போடணுமா, யோசிங்க" என்று மனைவி கேட்டது நியாயம்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கவரை எடுத்துவிட்டுத் துடைத்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

வருகிற மார்ச்சோடு ஆர்.சி. முடிகிறது. தனியார் கார் என்றால் 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள். அதற்குள் ஒழுங்கு பண்ணிவிடுவோம், இல்லாவிட்டால் விற்றுவிடுவோம் என்ற முடிவோடுதான் ஜூனில் அந்த ஷெட்டுக்குப் போனேன்.

நான் விழுந்த இடம் இது. முதலாளி போனட்டைத் திறக்கவில்லை, விலை பேசவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தார். குளோவ் பாக்ஸ் மூடியில் அப்பா ஒட்டிய வடபழனி முருகன் ஸ்டிக்கர், ஓரம் சுருண்டு மஞ்சளாகிப் போனது, அதைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திவிட்டார். "பெரியவர் ஒட்டினதா சார்? இதை எடுக்காமலே பெயின்ட் அடிச்சுத் தர்றோம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அங்கேயே 75,000 ஜிபே பண்ணினேன். எஸ்டிமேட் எழுதிக் கேட்கவில்லை.

இனி அந்த ஆளை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை.

ஜூலையில், "பாடியைப் பிரிச்சா உள்ள எல்லாம் போச்சு சார்" என்று 1,00,000. ஆகஸ்டில் ஸ்பேர் வாங்க 40,000, அது ரொக்கம். "இப்ப எல்லா பங்க்லயும் இ20 பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ் அரிச்சிடும், மாத்தணும்" என்றான். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பினேன். பிறகு, "டெல்லில 15 வருஷ வண்டியைப் பிடிக்கிறான், இங்கயும் வரும், வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்துடலாம்" என்று 20,000. டெல்லித் தடை டெல்லி வட்டாரத்துக்கானது. 2021-இல் வந்த வின்டேஜ் விதி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு மட்டும். அப்படிப் பதிந்தால் தினமும் ஓட்டவும் கூடாது. என் வண்டிக்கு வயது 40. இதைத் தேடிப் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, பார்க்கவில்லை. ஆக மொத்தம் 2,35,000.

தீபாவளிக்கு வண்டி வீட்டில் நிற்கும் என்றான். தீபாவளிக்கு பெயின்டர் ஊருக்குப் போய்விட்டார். கார்த்திகையில் டிங்கர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மார்கழியில் பம்பர் குரோம் பிளேட்டிங்குக்குப் போயிருந்தது. போன் பண்ணினால் "சார், டிரைவிங்ல இருக்கேன்." நேரில் போனால் ஒரு பையன் டீ வாங்கித் தருவான், "அண்ணன் இப்பதான் சார் வெளிய போனாரு" என்பான். ஒருநாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி உள்ஷெட்டில் இருக்கிறது, சாவி அண்ணனிடம் என்றார்கள். நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ: "ஃபுளோர் வெல்டிங் முடிஞ்சது சார்." சந்தோஷத்தில் அம்மாவிடம் காட்டினேன். "இது நம்ம வண்டி இல்லடா" என்றார். டாஷ்போர்டில் அப்பா சின்ன ஃபேன் மாட்டிய இரண்டு ஸ்க்ரூ ஓட்டை அதில் இல்லை. எனக்குத் தெரியவில்லை, எழுபத்தெட்டு வயது அம்மாவுக்குத் தெரிந்தது.

நேற்று புதுப்பேட்டையிலிருந்து, அப்பா காலத்திலிருந்தே எங்கள் வண்டி பார்த்த மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் போனேன். உள்ஷெட் திறந்திருந்தது. வண்டிக்கு பெயின்ட் அடித்தாகிவிட்டது, தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது. பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையில் வைத்தார். ஒட்டவில்லை, தரையில் விழுந்தது. ஒரு ஜாண் தள்ளி வைத்தார், விழுந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு தட்டு. பெயின்டுக்கு முன் ஒடுக்கு, பள்ளத்தில் பூசுகிற பட்டி, விரல் கனத்துக்கு கேக் மாதிரி பெயர்ந்து வந்தது, பின்னாலேயே துருத் தூள் கொட்டியது. தகடே இல்லை.

இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் சேசிஸ். அந்தக் கீழ்ப்பட்டைதான் முன்னையும் பின்னையும் தாங்குகிறது. அதில் தகடு வெட்டிப் போட்டு வெல்டிங் வைக்காமல் பட்டி அப்பிக் கொடுத்தால், அதில் என் அம்மாவை உட்கார வைத்து நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டியிருப்பேன். பணத்தைவிட இதுதான் என்னை எரிக்கிறது.

போனட்டைத் திறந்தோம். ஒரிஜினல் சோலெக்ஸ் கார்பரேட்டர் இல்லை. வேறு ஏதோ வண்டியுடையதைத் தகடு வைத்து மாட்டியிருக்கிறான். "அது வேலைக்காகாது சார், தூக்கிப் போட்டுட்டோம்" என்றான். அதைத் தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர் என்று பாய்க்குத் தெரியும், அந்த ஆளுக்கும் தெரியும். ஹோஸ் பழசேதான். குளோவ் பாக்ஸ் மூடியைச் சுரண்டி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் எங்கே என்றேன். "எது சார்?" என்று கேட்டான். அதோடு, வண்டியை எடுக்க இன்னும் 90,000 பேலன்ஸாம்.

அறிவுரை விரிவாக எழுதலாம் என்று ஆரம்பித்தேன், முடியவில்லை. அவசரமாக இவ்வளவுதான். எஸ்டிமேட் கையெழுத்தோடு வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வண்டியை விடும் முன் கார்பரேட்டர், விளக்கு, பம்பர், என்ஜின் நம்பர் எல்லாம் போட்டோ எடுங்கள். பெயின்டுக்கு முன்னால், வெறும் தகடாக இருக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள், கையில் காந்தம் இருக்கட்டும். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழ்ப்பட்டையும் ஃபுளோரும் மட்டும் ஒழுங்காகப் போட 60,000 ஆகும் என்கிறார் பாய், பெயின்ட் தனி. போடுவதா, இரும்புக்கடைக்கு விடுவதா என்று மனைவி கேட்கிறாள். முதலில் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். 2,35,000-இல் அந்த 40,000 ரொக்கத்துக்கு என்னிடம் ரசீது இல்லை, கொடுத்த அன்று அவன் அனுப்பிய "ரிசீவ்டு சார்" என்ற ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் இருக்கிறது. அது ஆணையத்தில் செல்லுமா, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இதே மாதிரி ஷெட்டில் ஃபியட்டோ அம்பாசிடரோ விட்டு மாட்டிக்கொண்டிருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.