டிஜிகாமில் முகம் தேடிய கதை: அப்பாவையும் பாட்டாவையும் பிரிக்க மூன்று வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கம்ப்யூட்டரில் படங்களை அடுக்கி, அதில் இருக்கும் முகங்களுக்குப் பெயர் போட உதவும் டிஜிகாம் இலவசம், நல்ல மென்பொருள், ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். ஆனால் ஒரே ராத்திரியில் எல்லார் முகத்துக்கும் பெயர் வந்துவிடும் என்று நினைத்து இதைப் போடுகிறவர்கள் என்னை மாதிரியே மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

எங்கள் வீடு தக்கலைப் பக்கம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயலில் ஓடு பறந்து அலமாரி நனைந்ததில் பாதி ஆல்பம் ஒட்டிப்போய்விட்டது. மிச்சம் இருந்ததையாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று ஆரம்பித்து, மொபைல் படங்களையும் சேர்த்தால் 23,000 படம். முன்பு இதே வேலைக்குப் பிக்காசா மென்பொருள்தான் வைத்திருந்தேன், கூகுள் அதை 2016இல் நிறுத்திவிட்டது. குடும்பப் படங்களை எல்லாம் இணையத்தில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. டிஜிகாம் முகத்தைத் தேடுவது முழுக்க நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது, படம் எங்கேயும் போகாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதனால்தான் இது.

முதல் நாளே சொதப்பல், முழுக்க என் தப்பு. முதல்முறை திறக்கும்போது முகம் தேடுவதற்கான கோப்புகளைத் தனியாக இறக்கிக்கொள்ளவா என்று கேட்கும். சில நூறு எம்பி. நான் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தேன், டேட்டா போய்விடுமே என்று ரத்து செய்துவிட்டேன். அப்புறம் முகம் தேடச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஒரு முகம்கூட இல்லை, பூஜ்யம்! அந்தக் கோப்புகள் இல்லாமல் அதற்குக் கண்ணே கிடையாது என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. உங்களுக்கும் ஒன்றுமே சிக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, முகத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அது யார் என்று சொல்வது வேறு வேலை. முதலாவதை ஓடவிட்டால் முகங்களை வெட்டி எடுத்து 'அன்நோன்' என்ற கூடையில் போடும், அவ்வளவுதான். நாம் சில முகங்களுக்குப் பெயர் கொடுத்த பிறகு இரண்டாவதை ஓடவிட வேண்டும். அது ஒவ்வொரு முகத்தையும் எண்களின் வரிசையாக மாற்றி, பெயர் கொடுத்த முகங்களில் எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்து, 'இவரா?' என்று 'அன்கன்ஃபர்ம்ட்' கூடையில் வைக்கும். சரி என்றால் டிக், இல்லை என்றால் நீக்கு. 2020இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து டீப் லேர்னிங் (ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும்) முறைக்கு முழுசாக மாறியிருக்கிறார்கள். பழைய பதிப்பைப் பார்த்துவிட்டு 'அது வேலைக்கு ஆகாது' என்று விட்டவர்கள் புதியதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இனிதான் உண்மையான தலைவலி. அப்பா என்று பெயர் கொடுத்து ஓடவிட்டேன். வந்த பட்டியலில் அப்பா இருந்தார், பாட்டா (அப்பாவின் அப்பா) இருந்தார், சித்தப்பா இருந்தார், ஒரு படத்தில் என் தம்பிகூட இருந்தான். சரி, சாடை ஒன்றுதானே என்று தப்பானதை நீக்கி, சரியானதற்கு டிக் போட்டு மறுபடி ஓடவிட்டால் இன்னும் மோசம். எத்தனை டிக் போட்டாலும் கலங்கல் கூடியதே தவிரத் தெளியவில்லை. மென்பொருளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தாள், அப்பாவின் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் திரையில் விரலை வைத்து, "மக்கா, இது உங்கப்பன் இல்ல, எங்க அப்பாவாக்கும். காதப் பாரு, கடுக்கன் போட்ட ஓட்டை தெரியில்லியா?" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம், காது மடலில் பொட்டு மாதிரி ஒரு ஓட்டை. அந்த மாதிரி 14 படத்துக்கு அப்பா என்று டிக் போட்டு வைத்திருந்தது நானேதான். அது கற்றுக்கொண்டது என்னிடமிருந்துதானே, வேறு எப்படி இருக்கும்?

அன்றைக்கு அத்தையை வைத்தே எல்லாவற்றையும் திருத்தினேன். தப்பான 14க்கும் பாட்டா பெயரைக் கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் முகம் நேராக, வெளிச்சமாக இருக்கும் பத்துப் பன்னிரண்டு படங்களை, வெவ்வேறு வயதில் பார்த்து உறுதி செய்தேன். மங்கல், பூஞ்சை பிடித்தது, பக்கவாட்டில் திரும்பியது எல்லாவற்றுக்கும் பெயரை எடுத்துவிட்டேன். பிறகு பயிற்சித் தரவு, அதாவது நாம் பெயர் கொடுத்த முகங்களிலிருந்து அது கற்று வைத்திருப்பது, முழுவதையும் அழித்துப் புதிதாக உருவாக்கச் சொல்லும் வசதியை ஓடவிட்டேன். இதைச் செய்யாமல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்ததுதான் அதுவரை நான் செய்த தப்பு. எட்டு ஜிபி ராம் உள்ள என் பழைய லேப்டாப்பில் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது, ஃபேன் சத்தத்தில் வீட்டில் திட்டு. ஆனால் காலையில் அப்பா தனி, பாட்டா தனி. சித்தப்பாவில் மட்டும் இன்னும் கொஞ்சம் கலப்படம் இருக்கிறது, அவர் மீசை எடுத்த காலத்துப் படங்கள்.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவிலில் ஒரு கடையில் ஆல்பங்களைக் கொடுத்திருந்தேன். நாலு படத்தை ஒரே தாளாக வைத்து, சிலதைப் படுக்கையாக ஸ்கேன் செய்து, அதை வாட்ஸ்அப்பில் வேறு அனுப்பிவிட்டார்கள். முகம் மிளகு அளவு. படுத்துக் கிடக்கும் முகம் இதற்குச் சரியாகச் சிக்காது. படத்தைத் தனித்தனியாக வெட்டி நிமிர்த்தி வைத்துவிட்டுத் தேடுங்கள், அல்லது என்னை மாதிரிக் காசை இரண்டு தடவை கொடுங்கள்.

பெயர் தெரியாத கூட்டத்துக்கு 'இக்னோர்' இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். மண்டைக்காடு கோயில் மாசிக் கொடைத் திருவிழாப் படங்களில் மட்டும் எத்தனை நூறு முகம்! கன்னியாகுமரியில் எடுத்த படங்களில் பின்னால் நிற்கிற சுற்றுலாக்காரர்கள் தனி, 133 அடி வள்ளுவரையும் ஒரு முகமாக வெட்டி வைத்துவிட்டு யார் என்று கேட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது காமராஜர். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவிலிலிருந்து ஜெயித்து டெல்லி போனவர் அல்லவா, எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் பாதிச் சுவரில் அவர் படம் தொங்கும். கல்யாண வீடு, காதுகுத்து என்று 41 படத்தில் பின்னால் சுவரிலிருந்து அவரைப் பொறுக்கி எடுத்து ஒரே பெயரின்கீழ் வைத்திருக்கிறது. இக்னோர் பண்ண மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

கைக்குழந்தைகள், மொட்டை போட்ட பிள்ளைகள், 2020, 21இல் மாஸ்க்கோடு எடுத்தவை இதிலெல்லாம் தடுமாறும். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது அதற்காக இல்லை, முக்கியமான சில அமைப்புகள் ஆழத்தில் கிடப்பதற்காக. தம்பிக்குப் படங்களைக் காப்பி பண்ணிக் கொடுத்தேன், அவன் கம்ப்யூட்டரில் ஒரு பெயரும் வரவில்லை. மெட்டாடேட்டா (படக் கோப்போடு சேர்ந்திருக்கும் தகவல்) அமைப்பில் முகக் குறிகளையும் படக் கோப்பிலேயே எழுதச் சொல்லி டிக் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர்கள் டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கும். பிறகு பராமரிப்புக் கருவியில் டேட்டாபேஸிலிருந்து படங்களுக்கு என்று ஒத்திசைவு ஓடவிட்டுச் சரிசெய்தேன். அது அசல் கோப்பிலேயே கைவைக்கும் வேலை, ஆகவே முதலில் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் 312 முகம் அன்நோனில் கிடக்கிறது. அத்தை அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றிருக்கிறாள், கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.