சார்கோமியர் மாதிரி: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

தசையின் சுருங்கும் அடிப்படை அலகான சார்கோமியரைக் காட்ட, பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்காக நான் வாங்கிய இந்தப் பிளாஸ்டிக் மாதிரியில், தடித்த மயோசின் இழைகளுக்கு இடையே மெல்லிய ஆக்டின் இழைகளைக் கையால் நகர்த்தும்போது, எந்த இழையின் நீளமும் மாறாமலேயே அலகின் இரு எல்லைகளான இசட் கோடுகளும் நெருங்கி வருவதையும், மெல்லிய இழைகள் மட்டும் உள்ள ஐ பட்டை குறுகினாலும் தடித்த இழைகளின் நீளம் முழுவதையும் கொண்ட ஏ பட்டை அப்படியே இருப்பதையும் மாணவர்கள் கண்ணாரக் காண்கிறார்கள். இழைகள் ஒன்றையொன்று கடந்து சறுக்குவதாலேயே தசை சுருங்குகிறது என்று 1954-இல் முன்வைக்கப்பட்ட சறுக்கும் இழைக் கோட்பாட்டைப் படம் வரைந்து விளக்கிய ஆண்டுகளில் இந்தத் தெளிவு கிட்டியதில்லை.

மாதிரியின் உயிர்நாடி, ஆக்டின்மேல் சுற்றிய ட்ரோபோமயோசின் என்னும் புரத நாடாதான். கால்சியத்தைக் குறிக்கும் மஞ்சள் மணியை, அந்த நாடாவோடு இணைந்த ட்ரோபோனின் புரதத்தில் பொருத்தியதும் நாடா விலகி, மயோசின் தலை பற்றிக்கொள்ளும் இடம் திறக்கிறது. ஆனால், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வந்து இணைந்தால்தான் அந்தத் தலை ஆக்டினை விட்டு விடுபடும் என்பதைக் காட்ட வழியில்லை. ஏடிபி தீர்ந்துபோவதால்தான் இறந்த உடல் விறைக்கிறது என்று சொன்னதும் கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். ஆகவே இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது. மயோசினை இசட் கோட்டோடு பிணைக்கும் டைட்டினும் இல்லை. மனித உடலின் மிகப் பெரிய புரதத்தை எப்படி மறந்தார்களோ! பசையும் வலுவற்றது, முதல் மாதத்திலேயே இரண்டு மயோசின் தலைகள் கழன்றுவிட்டன.