வாஷ்பேசின் இல்லாத வீட்டுக்கு எந்தப் பயிற்சி உதவும்?

கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை வீடு. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். தண்ணீர் வாசலில் குடத்தில் இருக்கிறது. சிஸ்டர் தன் பையை வைக்கக் கட்டிலை விட்டால் இடமில்லை. வீடு வீடாகப் போகும் சிஸ்டர்களுக்கு எந்தத் தொற்றுத் தடுப்புப் பயிற்சி நல்லது என்று கேட்டால், எனக்கு இந்த அறைதான் அளவுகோல்.

செல்போன் வீடியோ மலிவு. சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 என்பது போன்ற மாறாத விஷயங்களுக்கு அது போதும். ஆனால் அழுக்கான கையுறையை மேல்பக்கம் படாமல் கழற்றுவது பார்த்து வருகிற வித்தையா?

ஹால் வகுப்பில் செய்து பார்க்கலாம், சந்தேகம் கேட்கலாம். ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்பதை அங்கேதான் பழக வேண்டும்: பிதுக்கக் கூடாது, சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. இடிக்கிற இடம், வகுப்பு முழுக்க வார்டையே மனதில் வைத்து நடப்பதுதான். மருத்துவக் கழிவைப் பிரித்துப் போட மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று தொட்டிகளைக் காட்டுவார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மாடியில் தொட்டி ஏது? ஊசியைக் குத்தித் துளைக்க முடியாத டப்பாவில் போட்டுத் திருப்பி எடுத்து வர வேண்டும்.

அனுபவமுள்ள சிஸ்டரோடு வீட்டுக்கே போவதுதான் என் தேர்வு. பேப்பர் விரித்துப் பையை வைப்பது, சானிடைசரைப் பையின் மேலேயே வைத்திருப்பது, குடத்துக்குள் கையை விடாமல் “அம்மா, சொம்புல கொஞ்சம் ஊத்துங்க” என்று கேட்பது, சீழ் பிடித்த புண் இருக்கும் வீட்டை அன்றைய கடைசி வீடாக வைத்துக்கொள்வது எல்லாம் அங்கேதான் கைவரும். சிக்கலும் உண்டு. மூத்தவர் இரண்டு கையாலும் ஊசிக்கு மூடி போடுபவராக இருந்தால், கூடப் போனவரும் அதையே கற்றுக்கொள்வார். புண்ணைத் தொட்ட கையுறையோடு பிரஷர் மெஷினை எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கூடப் போகிறவர் கையில் ஒரு சரிபார்ப்புத் தாள் அவசியம்.

அப்புறம், சிஸ்டர் கிளம்பிய பிறகு சிறுநீர்ப் பையைக் காலி செய்யப் போவது மருமகள். பை இடுப்பு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. அந்தத் தாழ்ந்த கட்டிலில் அதை எங்கே கட்டுவது என்று அவரோடு சேர்ந்து இடம் தேடுவதை எந்த ஹாலில் சொல்லிக்கொடுக்க முடியும்?